பேகூர் நடுகல்லின் சாட்சியம்

ஓசூர் சாலையில் ஹெப்பகோடியைக் கடந்து போகிற தமிழர் பலருக்கு அது தொழிற்பேட்டையும் மெட்ரோ நிலையமும்தான். ஆனால், இந்த வட்டாரத்துப் பழைய சிற்பங்களுக்குக் காலம் கணிக்க வேண்டுமென்றால் அதற்கான மூல ஆவணங்களான கல்வெட்டுகள் கோயில் சுவர்களிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கின்றன.

தேடலை ‘எபிகிராபியா கர்னாடிகா’ என்ற கல்வெட்டுத் தொகுப்பில் தொடங்கலாம். பி.எல். ரைஸ் 1905-இல் வெளியிட்ட ஒன்பதாம் தொகுதியில் பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகள் வட்டவாரியாக எண்ணிடப்பட்டுள்ளன. தமிழ்க் கல்வெட்டுகளும் நிறைய உண்டு. காரணம், 11-ஆம் நூற்றாண்டில் சோழர் ஆட்சி இங்கே நிலைகொண்டிருந்தது.

அச்சுப் பாடம் வழிகாட்டி மட்டுமே. கல்லைப் பார்த்தே தீர வேண்டும். கல்லைத் துடைத்து, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் குழிக்குள் தாளை இறக்குவார்கள். மேலே மை ஒற்றினால் பரப்பு கறுத்து, எழுத்து வெள்ளையாகத் தெரியும். இதுதான் மைப்படி. இப்போது பெங்களூரின் மிதிக் சொசைட்டி கற்களை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்தும் பதிகிறது.

படித்த பிறகுதான் முக்கியமான வேலை: சாட்சியை எடைபோடுவது. ஹெப்பகோடிக்குப் பக்கத்துப் பேகூரில் கிடைத்து, பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் கங்க மன்னர் கால நடுகல்லைப் பாருங்கள். போர்வீரர், குதிரை, யானை என்று கல் முழுக்க நெரிசல். வீரமகேந்திரன் என்பவனோடு நடந்த போரில் நாகத்தரன் என்ற வீரன் யானைப்படையோடு மோதி விழுந்ததை எழுத்து சொல்கிறது. சிற்பமும் எழுத்தும் ஒரே கல்லில் இருப்பதால், எழுத்துக்குக் கிடைக்கும் காலமே சிற்பத்துக்கும் காலம். ஆயுதம், உடை, சேணம் பற்றி இந்தக் கல்லை நம்பலாம். மாண்டவனின் வீரத்தை அது அளப்பதை அப்படியே ஏற்க முடியாது. அது புகழ்வதற்கென்றே நட்ட கல்.

கோயில் சுவரில் இன்னும் எச்சரிக்கை தேவை. திருப்பணியில் கற்களைக் கழற்றி மாற்றி அடுக்குவதுண்டு. வரி பாதியில் அறுந்து, வேறொரு வரி தொடங்கினால் அந்தச் சுவர் கல்வெட்டுக்குப் பிந்தியது. செப்பேடுகளில் போலிகள்கூட உண்டு. கங்கர் பெயரிலான பல செப்பேடுகளைப் போலி என்று கல்வெட்டறிஞர் ஜே.எஃப். ஃபிளீட் ஒதுக்கினார். எழுத்தின் வடிவம் அவை சொல்லும் ஆண்டுக்குப் பிந்தியிருப்பதும், திதியும் கிழமையும் பொருந்தாததும் முக்கியத் தடயங்கள்.

மனைப்பிரிவுகளுக்கிடையே இப்படியொரு கல் கண்ணில் பட்டால் சுண்ணாம்போ பெயின்டோ பூசாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் படமெடுங்கள். அப்போதுதான் எழுத்து தெரியும். கல் நிற்கும் இடத்தையும் அது பார்க்கும் திசையையும் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.