பழைய கல்வீடு வாங்கப் போகிறீர்களா?

"தங்கச்சி, இந்த வீட்டை வாங்கலாமோ? ஒருக்கா வந்து பார்த்துச் சொல்லுமன்."

எங்கள் சேமிப்புக் குழுவிலுள்ள ஒரு அக்கா இப்படிக் கேட்டுத்தான் என்னை அழைத்துச் சென்றார். அது யாழ்ப்பாணத்தின் பழைய நாற்சார் வீடு. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு பூட்டப்பட்டு, பின்னர் பலர் மாறி மாறிக் குடியிருந்த வீடு. அக்காவின் கையில் இருந்தது தம்பி அனுப்பிய பணமும் நகை விற்ற பணமும். அது போனால் திரும்பி வராது.

நான் சுவரைப் பார்க்கவில்லை. முதலில் உறுதியைக் கேட்டேன்.

அது சீதன உறுதி. உரித்தாளியான அம்மா காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூவர், ஒருவர் கனடாவில். இங்குள்ள மகளின் கையொப்பத்தை மட்டும் வாங்கினால் அவருடைய பங்கு மட்டுமே வரும். அதோடு, தேசவழமைக்கு உட்பட்ட காணியில் கூட்டு உரித்தாளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் சட்டம் இது. ஆகவே நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தோம்பு பார்ப்பியுங்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. விற்கும் மகளின் கணவர் 2009 முதல் காணாமற்போனவர். தேசவழமைப்படி மணமான பெண் தன் அசைவற்ற சொத்தை விற்கக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். இல்லாத மனிதரிடம் எப்படிக் கையொப்பம் வாங்குவது? (இந்த விதியை எழுதியவர்கள் எங்களைப் போன்றோரை நினைத்திருக்க மாட்டார்கள்.) ஆனால் கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றம் அந்த அனுமதியை வழங்கலாம். அந்தக் கட்டளை இல்லாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம் என்று இருவரையும் வைத்துக்கொண்டே சொன்னேன். விற்பவரும் தனித்த பெண்தானே, அவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

பிறகுதான் மேசனுடன் வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கற்சுவர். அது ஈரத்தை இழுத்து வெயிலில் வெளியே விடும். யாரோ அழகுக்காகச் சீமெந்து பூசியிருந்தார்கள். ஈரம் உள்ளே அடைபட்டு, அடிப்பக்கம் முழுவதும் பொருக்குப் பொருக்காய்க் கழன்றிருந்தது. அங்கே சீமெந்தை உரித்துவிட்டுச் சுண்ணாம்பே பூச வேண்டும். ஷெல் விழுந்த மூலையை வெறும் பூச்சால் மறைத்திருந்தார்கள். தட்டிப் பார்த்தால் சத்தம் வேறு.

நாற்சார் வீட்டின் உயிர் முற்றம்தான். உட்கூரைகளின் மழைநீர் எல்லாம் அங்கேதான் விழும். வெளியேறும் வாய்க்கால் அடைத்தால் அத்திவாரம் ஊறும். கூரைகள் சேரும் மூலைகளில் பீலி ஓட்டையானால் கீழுள்ள மரம் உக்கும். மாரிக்கு முன் இவ்விரண்டையும் துப்புரவாக்குவது ஒரு நாள் வேலை. விட்டால் கூரையையே கழற்ற வேண்டி வரும். வைரமேறிய பனஞ்சலாகை பல தலைமுறை நிற்கும். ஆனால் சுவருக்குள் போகும் நுனியைக் கறையான் தின்றிருக்கலாம். ஆணியால் குத்திப் பாருங்கள்.

கிணற்றையும் மறக்காதீர்கள். பங்குக் கிணறு என்றால் நீர்ப்பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் உறுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்ப்பேச்சு அடுத்த தலைமுறைக்கு நிற்காது.

அக்கா இன்னும் வாங்கவில்லை. நீதிமன்றக் கட்டளையும் கனடாவிலிருந்து அற்றோணித் தத்துவமும் வரவேண்டும். பணம் வங்கியில் இருக்கிறது. போன கிழமை அங்கே போய், விற்பவரோடு சேர்ந்து முற்றத்து வாய்க்காலைத் துப்புரவாக்கி வந்ததாகச் சொன்னார்.