பேய் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்... விஷம் வைத்தது யார்? முசூரி சவாய் ஹோட்டலின் 1911 மர்மம்!

முசூரிக்குச் சுற்றுலா போனால், அங்கே தவறாமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. லைப்ரரி பஜார் பக்கம் இருக்கும் சவாய் ஹோட்டலின் நீண்ட வராந்தாக்களில், இரவு நேரத்தில் ஓர் ஆங்கிலேயப் பெண் நடமாடுகிறாராம். தன்னைக் கொன்றவரைத் தேடுகிறாராம்!

பேயை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால், அந்தப் பெண் கற்பனை அல்ல. பெயர், ஃபிரான்சஸ் கார்னெட்-ஓர்ம். அவர் இறந்தது நிஜம். வழக்கு நடந்ததும் நிஜம்.

மாட்டு வண்டியில் வந்த பியானோ

லக்னோ பாரிஸ்டர் லிங்கன் கட்டிய சவாய், 1902-ல் திறக்கப்பட்டது. டேராடூன் வரைதான் ரயில். அதற்கு மேல் மலைப்பாதை. பியானோ, பில்லியர்ட்ஸ் மேஜை என எல்லாமே மாட்டு வண்டிகளில்தான் மேலே வந்தன. வெயிலுக்குப் பயந்து மலையேறிய வெள்ளைக்காரர்களுக்கு விருந்தும் நடனமுமாக இருந்த இடம் அது.

பூட்டிய அறைக்குள் மரணம்

1911-ல் இங்கு வந்து தங்கினார் 49 வயது ஃபிரான்சஸ். ஆவிகளுடன் பேசுவதில் நம்பிக்கை உள்ளவர். உடன் வந்த தோழி ஈவா மவுன்ட்ஸ்டீஃபனும் அப்படித்தான். ஸ்படிகப் பந்தைப் பார்த்துக் குறி சொல்பவர்.

ஈவா லக்னோ திரும்பிவிட்டார். செப்டம்பரில் ஒருநாள், உள்பக்கம் பூட்டிய அறையில் ஃபிரான்சஸ் இறந்து கிடந்தார். உடலில் இருந்தது புரூசிக் அமிலம், அதாவது சயனைடு வகை விஷம்.

ஃபிரான்சஸ் வழக்கமாகச் சாப்பிடும் சோடா உப்பு மருந்தில் விஷத்தைக் கலந்துவிட்டு ஈவா ஊருக்குப் போய்விட்டார் என்றது அரசுத் தரப்பு. உயிலால் அவருக்கு லாபம் என்றும் வாதிட்டது. மணக்கவிருந்தவரை இழந்த சோகத்தில் செய்துகொண்ட தற்கொலை என்றது எதிர்த்தரப்பு. 1912-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஈவாவை விடுதலை செய்தது. வேறு யாரும் தண்டிக்கப்படவில்லை.

நாவலுக்குள் போன விஷம்

அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' 1920-ல் வெளியானது. துப்பறியும் பொய்ரோ அறிமுகமானதும் அதில்தான். பூட்டிய அறை, தினமும் சாப்பிடும் மருந்து, விஷம் வேலை செய்யும் நேரத்தில் அங்கே இல்லாத கொலையாளி என முசூரி வழக்கின் சாயல் அந்தக் கதையில் அப்படியே தெரியும். இந்த வழக்குதான் அதற்கு விதை என்று பலரும் சொல்வது அதனால்தான். ஒரு வித்தியாசம், நாவலில் குற்றவாளி பிடிபடும் அத்தியாயம் உண்டு. முசூரியில் அந்த அத்தியாயமே இல்லை.

இன்று சவாய் புதுப்பிக்கப்பட்டு, நட்சத்திர ஹோட்டலாக இயங்குகிறது. பேய்க் கதையும் அதற்கு ஒரு விளம்பரமாகிவிட்டது. ஆவிகளைத் தேடிய பெண்ணையே ஊர் ஆவியாக்கிவிட்டது.

கொலையோ, தற்கொலையோ... அறைக் கதவுக்குப் பின்னால் தனியாக உயிர்விட்ட ஒரு பெண்ணுக்கு என்ன நடந்தது என்ற கேள்விக்கு, 100 வருடங்கள் தாண்டியும் பதில் இல்லை. வராந்தாவில் கேட்பதாகச் சொல்லப்படும் காலடிச் சத்தத்தைவிட, பயமுறுத்துவது அதுதான்!