கத்தரி படாத காட்சியின் பலம்

ஒரு காட்சியை இடையில் எங்கும் கட் செய்யாமல் நீண்ட நேரம் ஓடவிடும் உத்தியைத் திரைத்துறையில் லாங் டேக் என்பார்கள். கேமரா நகரலாம், நின்ற இடத்திலேயே நிற்கவும் செய்யலாம். பார்க்க எளிதாகத் தெரிந்தாலும் எடுப்பது கடினம். சாதாரணக் காட்சியில் ஒரு நடிகர் தடுமாறினால், எதிரில் இருப்பவரின் க்ளோசப்பைச் செருகி எடிட்டர் அதை மறைத்துவிடுவார். லாங் டேக்கில் அந்த வசதி கிடையாது. பேச்சின் வேகம், மௌனத்தின் நீளம், யார் எப்போது திரும்புவது என்பதெல்லாம் படப்பிடிப்பிலேயே முடிவாகிவிட வேண்டும். எங்கே பார்ப்பது என்பதும் பெரும்பாலும் ரசிகரின் பொறுப்பாகிறது. இந்த உத்தியின் பயனை அறிய 1996இல் வெளிவந்த 'ஸ்லிங் பிளேட்' நல்ல பாடம்.

அமெரிக்காவின் தென்பகுதியில், ஆர்கன்சா மாநிலத்தில் நடக்கும் கதை இது. எழுதி, இயக்கி, நாயகனாக நடித்தவர் பில்லி பாப் தார்ன்டன். சிறுவயதில் தாயையும் அவளோடு இருந்தவனையும் கொன்ற கார்ல், பல்லாண்டுகள் மனநல மருத்துவமனையில் இருந்துவிட்டு வெளியே வருகிறான். தந்தையை இழந்த ஃபிராங்க் என்ற சிறுவன் அவனோடு ஒட்டிக்கொள்கிறான். அந்த வீட்டையே ஆட்டிப்படைப்பவன், ஃபிராங்கின் தாயோடு பழகும் டாயில் என்ற குடிகாரன். கொலை செய்த ஒருவனை ஒரு பிள்ளைக்குக் காவலாக நாம் எப்படி நம்புவது? 'இவன் நல்லவன்' என்று யாரோ சொல்வதால் அந்த நம்பிக்கை வராது, பழகித்தான் வரும். பழகுவதற்கான நேரத்தைத்தான் நீண்ட ஷாட்டுகள் தருகின்றன. கார்ல் வேலை பார்க்கும் பழுதுபார்ப்புக் கடையில், மண்ணைக் கிளறும் இயந்திரம் ஒன்று கிளம்ப மறுக்கிறது. மற்றவர்கள் காரணம் தெரியாமல் விழிக்க, கார்ல் பதறாமல் டாங்கைப் பார்த்துவிட்டு, பெட்ரோல் இல்லை என்கிறான். குறைவாகப் பேசி நிறையக் கவனிப்பவன் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. ஃபிராங்கின் பயத்தையும் அவன் அப்படித்தான் கண்டுகொள்கிறான்.

குறைந்த செலவில் எடுத்த படம், அதனால்தான் ஷாட்டுகள் குறைவு என்று சிலர் சொல்லக்கூடும். ஷாட்டுகள் குறைந்தால் செலவும் குறையும் என்பது உண்மையே. ஆனால் காட்சிகளைக் குறுக்கப் பணம் தேவையில்லை. இரண்டே கால் மணி நேரம் ஓடவிட்டது இயக்குநரின் தேர்வு. மெதுவான படம் சலிப்பூட்டும் என்பது அடுத்த வாதம். ஃபிரேமுக்குள் எதுவும் மாறாவிட்டால் நிச்சயம் சலிக்கும். இங்கே ஒவ்வொரு நீண்ட ஷாட்டிலும் கார்லைப் பற்றிய நம் மதிப்பீடு சிறிது மாறுகிறது. வன்முறையை இந்தப் படம் நியாயப்படுத்துகிறதே என்று கேட்பவர்களுக்கும் பதில் அந்த நிதானத்தில் இருக்கிறது. கடைசியில் செய்யப்போவதை கார்ல் யோசித்தே செய்கிறான். போலீஸுக்குத் தானே தகவல் சொல்லி, விளைவையும் ஏற்கிறான். வேகமான படத்தில் இது வெறும் பழிவாங்கலாகச் சுருங்கியிருக்கும். தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கார் பெற்ற இந்தப் படத்தைப் பார்க்கும்போது, காட்சி நீள்வதாகத் தோன்றினால் ரிமோட்டை எடுக்காதீர்கள். ஃபிரேமுக்குள் என்ன மாறுகிறது என்று பாருங்கள்.