சந்தானாம்புஜமும் குலமரமும்: கால்வழி ஓவியங்களின் பெயர்களை மொழிபெயர்த்தல்

அரச மரபின் கால்வழியை ஓவியமாகத் தீட்டும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அவ்வோவியம் கொள்ளும் வடிவத்திற்கேற்ப அதன் பொருளும் வேறுபடுகிறது. ஆதலின், அதன் பெயரை மொழிபெயர்ப்போர் சொற்பொருளோடு உருவகத்தையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். இதனை இரு சான்றுகளால் இக்கட்டுரை விளக்குகிறது.

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரும் அவர்தம் குழுவினரும் பேரரசர் முதலாம் மாக்சிமிலியனுக்காகப் படைத்த ‘வெற்றி வளைவு’ முதற் சான்றாகும். 1515 என ஆண்டு பொறிக்கப்பெற்ற இப்படைப்பு, 190க்கு மேற்பட்ட மரக்கட்டை அச்சுகளால் ஆனது. அதன் நடுக்கோபுரத்தில் அரச மரபு ஒரு மரமாக மேலெழுகிறது. அடியில் டிராய் முதலிய தொன்னிலங்கள் பெண்ணுருவில் அமைந்துள்ளன. உச்சியில் பேரரசர் வீற்றிருக்கிறார்.

இரண்டாவது சான்று மைசூரில் உள்ளது. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1861இல் எழுப்பிய ஜகன்மோகன அரண்மனையின் சுவரோவியங்களுள் ஒன்று ‘சந்தானாம்புஜ’ என வழங்கும். இங்கு மரபு தாமரையாக விரிகிறது. நடுவில் மன்னரும், சூழ்ந்த இதழ்களில் குலத்தோரும் இடம்பெறுகின்றனர். மரம் அடிமுதல் நுனிவரை கால வரிசையைக் காட்டுகிறது. தாமரையோ மையத்தில் இருப்பவரோடு பிறர் கொண்ட உறவைக் காட்டுகிறது.

இவ்வேறுபாட்டிற்கு வரலாற்றுப் பின்னணியும் உண்டு. 1831இல் மைசூர் ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேயர் கைக்கொண்டனர். 1865இல் மன்னர் சாமராஜேந்திரரைத் தத்தெடுத்தார். அவ்வுரிமையை ஆங்கில அரசு 1867இல் ஏற்றது. அரசுரிமையே ஐயத்திற்குள்ளான அக்காலத்தில், குலத்தின் நடுவே தம்மை நிறுத்திய ஓவியம் வெறும் அலங்காரமன்று எனக் கொள்ள இடமுண்டு.

இனி மொழிக்கு வருவோம். ‘சந்தானம்’ என்பது மகப்பேற்றையும் இடையறாத் தொடர்ச்சியையும் குறிக்கும். சைவ சித்தாந்த மரபில் ‘சந்தான குரவர்’ என்னும் வழக்கு குருதி உறவைச் சுட்டாது ஆசிரிய வழியைச் சுட்டுதல் ஈண்டு நோக்கத்தக்கது. ‘அம்புஜம்’ நீரிற் பிறந்தது. தமிழில் ‘அம்புயம்’ என வழங்கும். ‘வம்சம்’ என்னும் வடசொல்லுக்கு மூங்கில் என்ற பொருளும் உண்டு. தமிழ்க் ‘கொடிவழி’யில் படர்கொடி உருவகமாகிறது. ‘குலமரம்’, ‘வம்ச விருட்சம்’ ஆகியன மர உருவகத்தைக் கொண்டவை.

எனவே, பொதுக்கருத்தைக் குறிக்கக் ‘கொடிவழி’ போதுமானது. டியூரரின் படைப்பிற்குக் ‘குலமரம்’ பொருந்தும். மைசூர் ஓவியத்தையும் குலமரம் என்று பெயர்த்தால், தாமரையோடு மன்னரின் நடுவிடமும் மறைந்துபோம். அதனைச் ‘சந்தானத் தாமரை’ எனல் தகும். தருமொழியின் உருவகமே செய்தியாகும்போது, பெறுமொழியில் அதனைக் காத்தல் மொழிபெயர்ப்பாளர் கடனாகும்.