எண் பெயரா எழுத்துக்கள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீதியின் வீட்டிலக்கங்களை ஒரே இரவில் மாற்றிவிடின், மறுநாள் வரும் கடிதங்கள் யாவும் வழிதவறும். மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிடுவோர்க்கு நேரும் இடர்ப்பாடும் இத்தன்மையதே. பழைய அமைப்பை நம்பிப் பிறருடைய நிரல்கள் பல இயங்கிக்கொண்டிருக்கும். அவை எங்கெங்கு உள்ளன என்பதை மாற்றஞ் செய்வோர் அறியார். இதற்குத் தக்க சான்று யுனிகோட் என்னும் எழுத்தெண் முறையாகும்.

கணினி எழுத்துக்களை எண்களாகவே அறியும். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் எண்ணுக்கே தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கட்டுரை பொருளற்ற ஆங்கிலக் குவியலாகத் தோன்றும். 1991இல் வெளிவந்த யுனிகோட் முதற் பதிப்பு தமிழுக்கென 128 இடங்களை ஒதுக்கியது.

எனினும் அம்முறையும் தொடக்கத்தில் இடறிற்று. 1996இல் வந்த இரண்டாம் பதிப்பில் கொரிய மொழியின் அசையெழுத்துக்கள் வேறிடத்துக்குப் பெயர்க்கப்பட்டன. அவை நீங்கிய இடத்தில் 1999இல் சீன எழுத்துக்கள் குடியேறின. ஆதலின் பழைய எண்களிற் சேமித்த கொரிய உரையை இன்றைய நிரல் சீனமென்றே படிக்கும்! ஒருமுறை அளித்த எண்ணை மாற்றுவதுமில்லை, நீக்குவதுமில்லை என்னும் விதி இரண்டாம் பதிப்புத் தொட்டே நிலைபெற்றது.

இவ்விதியால் தமிழுக்கு விளைந்தது யாது? யுனிகோட்டில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. எண்வழி அடுக்கினால் நம் நெடுங்கணக்கு முறை பிறழும். அதற்காக எழுத்துக்களை இடம்பெயர்த்தாரல்லர். வரிசைமுறையைத் தனி அட்டவணையாக வகுத்தனர். அட்டவணையைத் திருத்தினும் சேமித்த உரைகளுக்கு ஊறில்லை.

ஸ்ரீ என்பதன் வரலாறு இன்னும் சுவையானது. முன்பு அது ஸகரத்தை முதலாகக் கொண்டு எழுதப்பட்டது. 2005இல் வந்த 4.1ஆம் பதிப்பு, வெற்றிடமொன்றில் ஶகரத்தைச் சேர்த்தது. அதன்பின் ஶகரத்தால் எழுதுவதே தக்கதெனப்பட்டது. பழைய முறையும் விலக்கப்படவில்லை. இரண்டும் கண்ணுக்கு ஒன்றே, எண்ணால் வேறு. எனவே பெயர்ப்பட்டியலில் ஒருவகையைத் தேடினால் மற்றவகைப் பெயர்கள் அகப்படா. தொல்லைதான், ஆயினும் பழைய ஏடுகள் படிக்கவியலாது போவதினும் இத்தொல்லை சிறிதென்பது எம் கருத்து. கல்லூரிப் பழைய மாணவர் பட்டியலைக் கணினியில் ஏற்றுவோர், இருவகை ஸ்ரீயையும் ஒன்றெனக் கொள்ளுமாறு தேடும் நிரலை அமைத்தல் போதும். பதிந்த பெயர்களைத் தொடவேண்டுவதில்லை.