ஓட்டோட ஒரு கடிதமும் போட முடியுமா?

2017 ஜூன் 8, வியாழக்கிழமை. ஆபீஸ் முடிந்து நேராக ஹாரோ ஈஸ்ட் வாக்குச்சாவடிக்குப் போனேன். கையில் இந்திய பாஸ்போர்ட்டும் டயர்-2 விசாவும் வைத்திருந்தவனுக்கு இங்கே ஓட்டு உண்டு. காமன்வெல்த் குடிமகன் என்பதால். சொந்த ஊர்த் தேர்தல் என்றால் ஃப்ளைட் ஏறி நேரில் போய் நிற்க வேண்டும். இங்கே பத்து நிமிஷ நடை, ஒரு பென்சில், ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான்.

அந்தக் குறிக்குப் பின்னால் பெரிய கணக்கு வைத்திருந்தேன். தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த விதிப்படி, நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு ஆண்டுச் சம்பளம் 35 ஆயிரம் பவுண்டு வேண்டும். என் சம்பளம் அதற்குக் கீழே. இரண்டு வருஷத்தில் பெட்டி கட்ட வேண்டி வரலாம். அதற்காக ஜெரமி கோர்பின் பிரதமராக வேண்டும் என்ற ஆசையும் இல்லை. மே மைனாரிட்டி ஆகணும், அவர் கட்சி அவரை மாற்றணும். லேபரும் தோற்று கோர்பினை மாற்றணும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! லேபருக்குக் குத்தினேன்.

பக்கத்துக் கடை யாழ்ப்பாணத்து அண்ணையிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, வோட்டோட ஒரு கடிதமும் எழுதிப் போட்டனீங்களோ?" என்றார்.

முடிவு என்னவோ நான் கேட்டபடியேதான் வந்தது. பெரும்பான்மைக்கு 326 வேண்டும்; மேவுக்கு 317. வட அயர்லாந்தின் டியுபி கட்சி 10 பேரோடு முட்டுக்கொடுத்தது. அந்த மாநிலத்துக்குக் கூடுதலாக 100 கோடி பவுண்டு போனது. ஹாரோ ஈஸ்டில் கன்சர்வேட்டிவ் வித்தியாசம் 4,757-இலிருந்து 1,757 ஆனது. தொகுதி மட்டும் கைமாறவில்லை.

மைனாரிட்டி அரசு என்றதும் நமக்கு 2006 தமிழ்நாடு ஞாபகம் வரும். 234-இல் திமுகவுக்கு 96. ஜெயலலிதா அறிக்கைக்கு அறிக்கை "மைனாரிட்டி திமுக அரசு" என்றே எழுதினார். அது பாட்டுக்கு ஐந்து வருஷம் ஓடியது. காரணம் டெல்லியில் இருந்தது. காங்கிரசுக்கு அங்கே திமுகவின் 16 எம்.பி.க்கள் தேவைப்பட்டார்கள். லண்டனில் அப்படி ஒரு சிமெண்ட் இல்லை. பிரெக்சிட் ஒப்பந்தம் வந்தபோது டியுபியே எதிர்த்து ஓட்டுப் போட்டது. 2019 ஜனவரி 15 அன்று மே 230 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அப்பவும் போகலை! 2018 டிசம்பரில் சொந்தக் கட்சி எம்.பி.க்கள் வைத்த வாக்கெடுப்பில் 200-117 என்று தப்பித்திருந்தார். ஒரு வருஷத்துக்குத் திரும்பத் தொட முடியாது.

லேபர் பக்கம் இன்னும் வேடிக்கை. 232 சீட் 262 ஆனது, ஓட்டு 40 சதவீதம். கோர்பினை இறக்கத் துடித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த 40 சதவீதத்தில் என் ஓட்டும் இருக்கிறதே! யாரை மாற்றணும்னு நினைத்தேனோ, அவருக்கே முட்டுக்கொடுத்த ஓட்டு. 2019 டிசம்பரில் 202-க்குச் சரிந்த பிறகுதான் லேபரில் ஆள் மாறியது. இந்தப் பக்கம் போரிஸ் ஜான்சன் 80 சீட் பெரும்பான்மையோடு உட்கார்ந்திருந்தார். என் கணக்கில் எந்த வரியிலும் இல்லாத ஆள்.

அந்தச் சம்பள வரம்பு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. 2020 டிசம்பரில் 25,600 ஆகக் குறைந்தது. குறைத்தது ஜான்சன் அரசு. எனக்கு அது உதவவில்லை. அதற்கு முன்பே கம்பெனி மாறி, சம்பளம் ஏறி, ஐஎல்ஆர் வாங்கிவிட்டேன். என் டீமில் இருந்த மதுரைத் தம்பி ஒருவனுக்கு உதவியது. அவன் அந்தத் தேர்தலில் ஓட்டே போடவில்லை.

இப்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அடுத்த தேர்தலுக்குத் தொங்கு நாடாளுமன்றக் கணக்கு ஆரம்பித்திருக்கிறது. யார் எத்தனை சீட்டில் நின்றால் எந்தத் தலைவர் போவார் என்று எக்செல் ஷீட்டே போட்டிருக்கிறார்கள். பார்முலாவில் ஒரு தப்பு இருந்தது. திருத்தி அனுப்பியிருக்கிறேன்.