ஒரே ஒரு ஞாயிறு... பல்லடம் டு ராமேஸ்வரம்: நண்பர்களோடு ஒரு தீவு ட்ரிப்!

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். திங்கள் காலை மறுபடியும் ஷிஃப்ட். பனியன் கம்பெனியிலும் விசைத்தறியிலும் வேலை பார்க்கும் பல்லடம் இளைஞர்களுக்கு நடுவில் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிறுதான். அதற்குள் ஒரு தீவையே சுற்றிவிட்டு வரலாம்!

தாராபுரம், திண்டுக்கல், மதுரை, ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம் சுமார் 350 கி.மீ. சனி இரவு வேன் கிளம்பினால், விடியும்போது பாம்பன். சாலைப் பாலத்துக்குப் பக்கத்திலேயே, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலம். கப்பல் வந்தால் இதன் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே எழும்பும்.

வெயில் ஏறுவதற்குள் முதலில் தனுஷ்கோடி போய்விடுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் அழிந்த ஊர் இது. பயணிகளோடு வந்த ரயிலையும் அன்று கடல் கொண்டுபோனது. இடிந்த சர்ச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. சாலை முடியும் அரிச்சல்முனையில் கடல் அமைதியாகத் தெரிந்தாலும் நீரோட்டம் பலமானது. இங்கே குளிக்கவே கூடாது.

அடுத்து ராமநாதசுவாமி கோயிலில் 22 தீர்த்தங்கள். திரும்பும் வழியில் பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம்.

ஒரு விஷயம். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டியவர் பகலில் நன்றாகத் தூங்க வேண்டும். அதற்காக ஒரு ரூம் எடுங்கள். டிரைவரோடு வேன் பிடித்தாலும் இதேதான். ஒரு இடம் குறைந்தாலும் பரவாயில்லை, எல்லோரும் பத்திரமாக வீடு திரும்பணும்!